பட்டத்தின் முன்னெழுத்தும் தொழிலாளியின் முதுகெலும்பும்

2025 செப்டம்பர் 9 அன்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் இந்திய மருத்துவச் சங்கத்திற்கு ஒரு கடிதம் எழுதியது. இயன்முறை சிகிச்சையாளர்கள் தம் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இட்டுக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். மறுநாள், செப்டம்பர் 10 அன்று, அதே இயக்ககம் அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட இயன்முறை மருத்துவப் பாடத்திட்டமோ, பெயருக்குப் பின்னால் 'பி.டி.' என்று குறிப்பிடும் நிபந்தனையுடன் அதே முன்னெழுத்தை அனுமதித்திருந்தது. ஒரே அமைச்சகத்தின் ஒரு கை ஏப்ரலில் கொடுத்ததை இன்னொரு கை செப்டம்பரில் பறித்து, பறித்ததை மறுநாளே திருப்பிக் கொடுத்தது.

அதன்பின் எழுந்த ஆரவாரத்தைத் தோழர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். மருத்துவர் சங்கங்கள் ஒருபுறம், இயன்முறை சிகிச்சையாளர் சங்கங்கள் மறுபுறம். ஒரு முன்னெழுத்துக்காக இத்தனை வெப்பம். இந்த இளைஞர்களுக்கு யார் கற்பிக்கிறார்கள், எந்த மருத்துவமனையில், எந்த மூத்தவரின் பக்கத்தில் நின்று, யாருடைய பணத்தில் கற்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த விவாதங்களில் எழவேயில்லை. முன்னெழுத்துப் போர் இரு தரப்புக்கும் வசதியானது. அது நடந்துகொண்டிருக்கும் வரை கல்வி வணிகத்தின் கணக்குப் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

கட்சி ஏடு ஒன்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். அதற்கு விடை தேடி நாம் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. தெற்கே கல்லாறு வரை போனால் போதும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கல்லாறு. ஆற்றின் பெயரே ஊரின் பெயர். சுற்றுலாப் பயணிகளுக்கு இது மீன்முட்டி அருவிக்குப் பிரியும் இடம். உருண்டைக் கற்களுக்கிடையே ஓடும் தண்ணீரில் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அந்தப் படங்களுக்கு வெளியே இருப்பது வேறு உலகம். மேலே தேயிலைத் தோட்டம். கீழ்ச் சரிவுகளில் ரப்பர். காட்டுக்குள்ளே காணி மக்களின் குடியிருப்புகள். விதுராவிலிருந்து வேறு வழியில் ஏறினால் போணக்காடு. வேலை முடங்கி, கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்று, லயங்களின் கூரை இற்றுப்போன பின்னும் போக்கிடமின்றி மக்கள் வாழ்ந்த தோட்டம் அது. இந்த லயங்களில் இருப்போரில் பலர் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள்.

இவர்களுடைய வேலையை உடலின் கணக்கில் பார்ப்போம். கொழுந்து பறிப்பவர் சமதளத்தில் நிற்பதில்லை. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இடுப்பை முன்னே வளைத்து, இரு கைகளையும் ஓயாமல் இயக்குகிறார். கொழுந்து நிறைந்த மூட்டையோடு எடை போடும் இடத்திற்கு இறங்குகிறார். இறங்கும்போது உடலின் பாரமும் மூட்டையின் பாரமும் சேர்ந்து முழங்காலில் விழுகின்றன. கைக்குப் பதில் கத்தரி வந்தபிறகு மணிக்கட்டும் தோளும் புதிதாகத் தேயத் தொடங்கின. ரப்பர் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களின் அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்கிறார். பிறகு பால் சேகரித்துச் சுமக்கிறார். இருபது முப்பது ஆண்டுகள் இப்படி உழைத்த முதுகு எதைச் சொல்லும் என்பதற்கு எக்ஸ்ரே தேவையில்லை.

ஐம்பத்தைந்து வயதில் ஒரு தோட்டத் தொழிலாளி இடுப்பு வலியோடு கீழே இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதுரா வட்ட மருத்துவமனையில் வலி மாத்திரையும் தைலமும் கிடைக்கும். மருத்துவரைக் குறை சொல்ல முடியாது; வரிசையில் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். மேல் சிகிச்சை என்றால் நெடுமங்காடு, அதற்கும் மேல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. இயன்முறை சிகிச்சையோ ஒரு நாளில் முடிவதில்லை. பத்துப் பன்னிரண்டு முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும். மூன்றாவது தடவையோடு அவர் நின்றுவிடுவார். அல்லது வழியில் இருக்கும் ஏதேனும் தனியார் சிகிச்சை நிலையத்தில் 'கரண்டு' வைத்துக்கொள்வார்.

இந்தக் 'கரண்டு' என்ற சொல்லை நான் கேலியாக எழுதவில்லை. நம் மக்கள் இயன்முறை சிகிச்சையை அந்தப் பெயரால் அறிந்திருப்பதற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். படுக்க வைத்து, இடுப்பில் நாலு பட்டைகளை ஒட்டி, இயந்திரத்தை முடுக்கிவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து அடுத்தவரை அழைப்பது. ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று ரசீது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சி, நோயாளிக்குத் தம் உடலைப் பற்றிய கல்வி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. தோல்வழி மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, இழுவைச் சிகிச்சை, இடுப்புப் பட்டை ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதாவது, நம் ஊர்ச் சிகிச்சை நிலையங்களில் எதற்குப் பணம் வாங்கப்படுகிறதோ, அதில் பெரும்பகுதி வேண்டாதவற்றின் பட்டியலில் இருக்கிறது. எது வேண்டும் என்று சொல்லப்பட்டதோ, அதைச் செய்ய இயந்திரம் போதாது. தேர்ந்த கையும், கேட்கும் காதும், நேரமும் வேண்டும். இவை மூன்றும் இலாபத்தைக் குறைப்பவை.

இடுப்பு வலி ஏதோ வயதானோர் முணுமுணுப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2020-இல் உலகில் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று 2023-இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. மனிதர்களை முடக்கிப் போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் அதற்கே.

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஒரு இளம் சிகிச்சையாளர் நல்ல பயிற்சி பெறாவிட்டால் என்ன கெட்டுவிடும்? இடுப்பு வலி என்று வரும் நூறு பேரில் மிகப் பெரும்பாலோருக்கு ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அந்த நூறில் ஒருவருக்கு முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம்; நம் நாட்டில் அது அரிதான நோயன்று. இரவில் உறங்கவிடாத வலி, மெலிந்துவரும் உடல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றைக் கேட்டறியாமல் வெப்ப ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகும், எலும்பு நொறுங்கும். இன்னொருவருக்கு வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் முதுகில் இறங்கியிருக்கலாம். மற்றொருவருக்கு முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை ஆகியவை அதன் அறிகுறிகள்; அவர் உடனடியாக அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டும், தவறினால் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமற் போகலாம். பெண் தொழிலாளி ஒருவர் ஆண் சிகிச்சையாளரிடம் தொடையிடுக்கு மரத்துப்போவதைத் தானாகச் சொல்வாரா? சொல்ல மாட்டார். கேட்க வேண்டும், கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். படித்தவர், எதிரே நாணத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடம் அதைக் கேட்கப் பழகுவது, பக்கத்தில் ஒரு மூத்தவர் இருக்கும்போதுதான்.

அந்தப் பழக்கத்திற்குத்தான் வேறு நாடுகளில் 'ரெசிடென்சி' என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இச்சொல்லோடு எனக்குக் கொஞ்சம் வழக்குண்டு. திருவிதாங்கூர்க்காரர்களுக்கு ரெசிடென்சி என்றால் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த மாளிகை. கொல்லம் ஆசிராமத்தில் கர்னல் மன்றோ கட்டியது இன்றும் அரசு விருந்தினர் மாளிகையாக நிற்கிறது. மருத்துவத்தில் இச்சொல் வேறு வழியில் வந்தது. 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆஸ்லரும் ஹால்ஸ்டெட்டும் இளம் மருத்துவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார்கள். தங்கியவர் ரெசிடென்ட். 'உறைவிடப் பயிற்சி' என்று நாம் எழுதிவருகிறோம். 'பயிற்சி'யை எல்லாரும் கவனிக்கிறார்கள். 'உறைவிடம்' எங்கே என்பதை யாரும் கேட்பதில்லை. அதைப் பின்னால் கேட்போம்.

எலும்பு மூட்டுச் சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற விரும்பும் இயன்முறை சிகிச்சையாளருக்கு அமெரிக்காவில் இத்தகைய பயிற்சி இருக்கிறது. அங்கே பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: ஒரு மூத்தவர் ஒரே ஒரு இளையவரோடு மட்டும் நின்று வழிநடத்தும் நேரம் குறைந்தது 150 மணி. 1974-இல் தொடங்கப்பட்ட கைவழிச் சிகிச்சையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் அதே 150 மணியைத்தான் கேட்கிறது. இதை எழுதுவதால் அமெரிக்க மருத்துவத்தை நாம் போற்றுவதாக யாரும் பொருள்கொள்ள வேண்டாம். கல்விக் கடனில் மூழ்கிய பட்டதாரியைப் பாதிச் சம்பளத்திற்கு முழு வேலை வாங்கும் இடமாகவும் அந்தப் பயிற்சி அங்கே பயன்படுகிறது. காப்பீடு இல்லாத தொழிலாளி அந்தத் தேர்ச்சியின் பயனைக் காண்பதே அரிது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 150 மணி என்ற அளவுகோலை மட்டும். ஒரு கைத்தொழிலாளி தன் ஆசானிடம் எத்தனை நாள் நின்றார் என்று நம் தச்சர்களும் கொல்லர்களும் கேட்ட அதே கேள்வி அது.

இந்தியாவில் நிலை என்ன? நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பில் கடைசி ஆறு மாதம் உள்ளகப் பயிற்சி என்பது இதுவரை இருந்த ஏற்பாடு. 2025 பாடத்திட்டம் அதை ஐந்தாண்டாக்கி, உள்ளகப் பயிற்சியை ஓராண்டாக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் கூடவே சேர்க்கைக்கு நீட் தேர்வையும் கொண்டுவந்திருக்கிறது. லயத்திலிருந்து ஒரு பிள்ளை இந்தப் படிப்புக்கு வர இருந்த ஒற்றையடிப் பாதையிலும் முள்வேலி. பட்டத்திற்குப் பிறகு எலும்பு மூட்டுப் பிரிவில் எம்.பி.டி. இரண்டாண்டு. எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவருக்கு மாத உதவித்தொகை உண்டு; அவர் படித்துக்கொண்டே மருத்துவமனையைத் தாங்கும் தொழிலாளி என்று சட்டமும் சமூகமும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எம்.பி.டி. படிப்பவரோ, பெரும்பாலான தனியார் கல்லூரிகளில், அதே நோயாளியைத் தூக்கி நடத்தும் வேலையைச் செய்வதற்குக் கட்டணம் கட்டுகிறார். உழைப்பை விற்பவன் கூலி பெறுவான் என்பது முதலாளித்துவத்தின் குறைந்தபட்ச ஒப்பந்தம். உழைப்பையும் கொடுத்துப் பணத்தையும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டிற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கல்லூரிகளுக்கென்று பல இடங்களில் சொந்தமாகப் பெரிய மருத்துவமனை கிடையாது. மாணவர்களை இரவல் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவர்கள் வேண்டாத விருந்தாளிகள். ஆறு பேருக்கு ஒரு நோயாளி. மூத்தவர் வந்தால் வருவார். பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து விழுந்துவிடும். இந்தக் குறையை உணர்ந்த பட்டதாரிகளுக்கு இப்போது இரண்டாவது சந்தை திறந்திருக்கிறது: வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகள், கட்டணம் வாங்கும் 'பெல்லோஷிப்'கள். கல்லூரி கற்பிக்காமல் விட்டதைக் கற்றுக்கொள்ள மறுபடியும் பணம்.

கேரளத்தைப் பற்றியும் தயங்காமல் சொல்ல வேண்டும். பொது சுகாதாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் அது. 1951-இலேயே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2017-இல் ஆர்த்ரம் இயக்கம் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தினார்கள். ஆனால் இயன்முறை மருத்துவப் படிப்பின் பெரும்பகுதி அங்கேயும் சுயநிதிக் கல்லூரிகளின் கையில்தான் விடப்பட்டது. மருத்துவரையும் செவிலியரையும் அரசு உருவாக்கும், உடலை மீண்டும் நடக்க வைப்பவரைச் சந்தை உருவாக்கட்டும் என்ற பிரிவினையை இடதுசாரிகளாகிய நாமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் கதை சற்று வேறு. ஆனால் முடிவு ஒன்றுதான். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அது உண்மையான முன்னேற்றம். அதை மறுப்பது நேர்மையாகாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024-இல் அதற்குக் கிடைத்தது. ஆனால் வட்டாரம் முழுவதும் வீடு வீடாகச் செல்லும் அந்தச் சிகிச்சையாளருக்கு மாதம் 13,000 ரூபாய்த் தொகுப்பூதியம் என்றுதான் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் விளம்பரங்கள் வெளிவந்தன. ஒப்பந்தப் பணி. தனியே போகிறார், தனியே முடிவெடுக்கிறார், சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர் யாருமில்லை. இவரை அரைகுறைப் பயிற்சி பெற்றவர் என்று ஏளனம் செய்யும் உரிமை, அவருக்குப் பயிற்சியிடம் ஒன்றை உருவாக்க மறுத்த எவருக்கும் இல்லை.

இவையெல்லாம் இயலாத காரியங்கள் என்போர் இந்தியாவில் இத்துறை பிறந்த கதையை அறிய வேண்டும். 1952-இல் பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பள்ளி தொடங்கப்பட்டது. அம்மருத்துவமனை மாநகராட்சியினுடையது. இத்துறை நம் நாட்டில் பொதுப்பணத்தில், பொது மருத்துவமனையில், ஏழைக் குழந்தைகளின் கால்களுக்காகப் பிறந்தது.

வேலூர் இன்னும் நெருக்கமான சான்று. 1940-களின் இறுதியில் அங்கே பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறொரு தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர வைத்தார். தையலோடு அவர் வேலை முடிந்தது. இதுவரை ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசைக்கு வேறு வேலை கற்பிக்க வேண்டுமே. அது வாரக்கணக்கில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இயன்முறை சிகிச்சையாளர்களின் உழைப்பு. அவர்கள் இல்லையென்றால் அந்த அறுவைச் சிகிச்சைகள் தோற்றிருக்கும். காரிகிரி தொழுநோய் மையத்தில் இதற்கென்றே தொழில்நுட்பர்களைப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பயிற்சி நடந்தது நோயாளிகள் வாழ்ந்த இடத்திலேயே. 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவைச் சிகிச்சைகள் செய்து, பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. மருத்துவர் பெரியவரா சிகிச்சையாளர் பெரியவரா என்ற இன்றைய தெருச்சண்டையை அந்தத் தலைமுறையிடம் எடுத்துச் சென்றிருந்தால் அவர்களுக்கு அது புரிந்தே இருக்காது.

கியூபாவைப் பற்றி நம் ஏடுகளில் அடிக்கடி எழுதுகிறோம். ஆனால் 2000-களின் முற்பாதியில் அந்நாடு தன் பாலிகிளினிக்குகளில் மறுவாழ்வுச் சிகிச்சைக் கூடங்களை அமைத்ததை ஏனோ குறைவாகவே பேசுகிறோம். பொருளாதார முற்றுகையின் நடுவே செய்தார்கள். தெருக்கோடி மருத்துவமனையில் கூடம் இருந்தால் பயிற்சி பெறுபவரும் அங்கேயே இருப்பார்.

இப்போது 'உறைவிடம்' எங்கே என்ற கேள்விக்கு வரலாம். எலும்பு மூட்டுத் தேர்ச்சிப் பயிற்சியைப் பெருநகர மருத்துவமனைக்குள் மட்டும் நடத்தினால், பயிற்சி பெறுபவர் காணப்போவது மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்களையும் விளையாட்டு வீரர்களையும்தான். கல்லாற்றுத் தொழிலாளியின் முழங்காலுக்கு 'ஓய்வெடுங்கள், மலை ஏறாதீர்கள்' என்று அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மலை ஏறாவிட்டால் அவருக்குக் கூலி இல்லை. தோட்டத்தில் ஒரு மாதம் தங்கியிருக்கும் சிகிச்சையாளர் வேறு கேள்விகளைக் கேட்பார். எடை போடும் இடத்தை ஏன் சரிவின் நடுவில் அமைக்கக் கூடாது? மூட்டை நிறையும் வரை சுமக்காமல் இரு தடவையாக இறக்கினால் என்ன? பாரம் தலையில் தொங்க வேண்டுமா, இடுப்பில் தாங்க வேண்டுமா? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை, லயத்தின் ஒற்றை அறையில், சமைத்துக்கொண்டே செய்ய முடியுமா? இக்கேள்விகளில் பாதி மருத்துவக் கேள்விகள். மீதி நிர்வாகத்தோடு பேச வேண்டிய கேள்விகள். நிர்வாகங்கள் இத்தகைய பயிற்சியை வரவேற்கப் போவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

தொழிற்சங்கங்களும் இதைத் தம் வேலையாக எண்ணியதில்லை. 2015-இல் மூணாறில் 'பெண்கள் ஒற்றுமை' போராட்டம் வெடித்தபின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்தின் அளவும் உயர்த்தப்பட்டது. கூடுதல் எடைக்குக் கூலி எவ்வளவு என்று பேச்சுவார்த்தை மேசையில் வாதாடினோம். கூடுதல் எடையை முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கைக் கொண்டுசெல்ல நம்மிடம் யாருமில்லை.

சட்டமும் அந்த முழங்காலைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை எலும்பு நோய்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நெடுநேரம் மண்டியிட்டோ குந்தியோ வேலை செய்வதால் முழங்கால் குருத்தெலும்பில் ஏற்படும் சேதம்கூட அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்கள் 29. ஈயம், பாதரசம், ஆர்சனிக், சிலிக்கா எல்லாம் இருக்கின்றன. முதுகும் முழங்காலும் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் பழைய பட்டியலை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டார்கள். நோயென்று ஏற்காததற்கு இழப்பீடு இல்லை. இழப்பீடு இல்லாததைத் தடுக்க நிர்வாகத்திற்கு அக்கறை இல்லை. சிகிச்சையாளருக்குப் பணியிடமும் இல்லை. பயிற்சியிடம் இல்லாததன் வேர் இங்கே இருக்கிறது.

ஊழியர் காப்பீடு உதவுமா என்றால், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி தோட்டத் தொழிலாளரை அத்திட்டத்தில் சேர்ப்பது தோட்ட முதலாளியின் விருப்பம். விருப்பமாம்.

சில மறுப்புகள் நம் வரிசையிலிருந்தே வரும். முதலாவது, மருத்துவர் பணியிடங்களே காலியாகக் கிடக்கும்போது இது ஆடம்பரம் என்பது. மருத்துவரின் வரிசையில் நிற்கும் நூறு பேரில் முதுகு, முழங்கால் வலிக்காரர்களைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பார்த்தால், ஆபத்தான ஒருவரை அடையாளம் கண்டு அனுப்பினால், மருத்துவருக்குத்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும். இரண்டாவது மறுப்பில் உண்மை இருக்கிறது: ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல் இன்னும் ஓராண்டு பயிற்சி என்றால் ஏழைப் பிள்ளைகள் எப்படித் தாங்குவார்கள்? தாங்க மாட்டார்கள். அதனால்தான் இது படிப்பாக இருக்கக் கூடாது, சம்பளமுள்ள பணியாக இருக்க வேண்டும் என்கிறோம். அரசு மருத்துவமனையில் பணியிடம், மருத்துவ ரெசிடென்டுக்கு நிகரான ஊதிய விதி, 150 மணி நேர நேரடி வழிகாட்டல், ஆண்டில் சில மாதம் தோட்டத்திலோ மீனவர் குப்பத்திலோ கட்டடத் தொழிலாளர் பகுதியிலோ உறைவு. சம்பளமில்லாமல் ஓராண்டை நீட்டும் எந்தத் திட்டத்தையும், அது எத்தனை அழகான பெயரோடு வந்தாலும், மாணவர் இயக்கம் எதிர்க்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் இலவச உழைப்புக்குக் கண்டுபிடித்த புதுப் பெயராகவே அது முடியும்.

மூன்றாவதாக, நாட்டு வைத்தியம் இருக்கிறதே என்பார்கள். கல்லாற்றில் இது வெறும் வாதமன்று. அங்கே மொட்டமூடு காணிக் குடியிருப்பில் வாழ்ந்து காட்டு மூலிகை அறிவால் நாடறிந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு ஒன்றிய அரசு 2018-இல் பத்மஸ்ரீ அளித்தது. அவர் அறிவுக்கு நம் மரியாதை உண்டு. ஆனால் அவர் நெடுங்காலம் அரசிடம் கேட்டது தம் குடியிருப்புக்கு ஒரு சாலையை. விருது கொடுப்பது சாலை போடுவதைவிடச் செலவு குறைந்தது. பழங்குடி அறிவைப் புகழ்ந்துவிட்டுப் பழங்குடிக்கு மருத்துவமனையை மறுப்பவர்களோடு நாம் சேர்ந்து கைதட்ட முடியாது.

ஒன்றிய அரசின் ஆணையத்திடமிருந்து இதை எதிர்பார்க்கலாமா? துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. மூன்றாண்டு கழித்தும் அது நடைமுறைக்கு வராததால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. வந்தபின் கைக்கு எட்டியவை பாடத்திட்டமும் நீட்டும் முன்னெழுத்துக் குழப்பமும்.

கடைசியாக எழும் கேள்வி பணம். தோட்டங்களைப் பொறுத்தவரை அதற்கான பொறுப்பாளி சட்டத்திலேயே பெயர் குறிக்கப்பட்டிருக்கிறார். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தொழிலாளருக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி செய்து தரும் கடமையைத் தோட்டத்தின் மீது சுமத்தியது. அந்த வசதி எது என்பதை மாநில அரசின் விதிகள் முடிவு செய்யும். தொகுப்புச் சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே நம் நிலை. ஆயினும், அவை நடைமுறையில் இருக்கும் வரை, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 92-ஆவது பிரிவிலும் சுகாதார வசதிக்கான விதியை எழுதும் அதிகாரம் மாநில அரசுக்கே விடப்பட்டிருக்கிறது. அந்த விதிகளில் இயன்முறை சிகிச்சையாளர் பணியிடம் ஒன்றையும், அவரோடு ஊதியம் பெறும் பயிற்சியாளர் இருவரையும் சேர்க்கச் சொல்லித் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் கோரிக்கை மனு கொடுக்க நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. நீலகிரிக்கும் வால்பாறைக்கும் கல்லாற்றுக்கும் ஒரே மனுவின் வாசகம் பொருந்தும்.